வயிற்றில் மீன் சுமக்கும் சுகோய்

நேற்று கரன்ட் மீட்டரைப் படம் எடுக்கப் போனேன். இடமில்லை என்று சொல்லிவிட்டது போன். "அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க?" என்று மகள் பிடுங்கிப் பார்த்தாள். வரிசையாக வானம். நீல வானம், வெளிறிய வானம், மின்கம்பி குறுக்கே போகும் வானம். "இதுல ப்ளேன் எங்கப்பா?" என்றாள். கடுகளவு இருந்த புள்ளியைக் காட்டினேன். விரலால் திரையைத் துடைத்தாள். புள்ளி போய்விட்டது.

"எல்லாத்தையும் அழிச்சிடவா?" என்று வேறு கேட்கிறாள்! உங்கள் போனிலும் அதே வானம் இருக்கிறது. நீங்களும் அழித்திருக்க மாட்டீர்கள். அந்த தைரியத்தில்தான் உங்களிடம் முறையிடுகிறேன். சும்மா புலம்பிவிட்டுப் போக மாட்டேன். பறக்கிற விமானத்தை உருப்படியாகப் படம் எடுக்க ஒரே ஒரு வழி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப் படையின் 92-ஆம் ஆண்டு விழா. 2003-க்குப் பிறகு மெரினாவில் மறுபடியும் சாகசம். 72 விமானங்கள், பார்க்க வந்தவர்கள் 15 லட்சம் என்று சொன்னார்கள். ஆரம்பம் காலை 11 மணிக்கு. நம் கடற்கரை கிழக்குப் பார்த்தது. 11 மணி வெயில் முகத்தில் அடிக்கும். 1 மணி வெயில் மண்டையைப் பிளக்கும். சூரியனுக்கு எதிரே நின்று எடுத்தால் எந்த விமானமும் கரிதான். சூர்யகிரண் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்களுக்கும் சிவப்பு, வெள்ளை என்று பார்த்துப் பார்த்து வர்ணம் பூசியிருக்கிறார்கள். என் படத்தில் ஒன்பதும் எண்ணூர் நிலக்கரிக் கப்பலிலிருந்து இறங்கியவை.

வெளிச்சம் போகட்டும். சத்தம் இன்னும் மோசம். சத்தம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகிற ஜெட்டின் சத்தம் நம் காதுக்கு வர ஆறு நொடி ஆகிவிடும். மணிக்கு 900 கிலோமீட்டரில் போகிற விமானம் அதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டியிருக்கும். சத்தம் வந்த திசையில் போனைத் தூக்கினால், விமானம் காலி செய்துவிட்டுப் போன இடம்தான் கிடைக்கும். என்னிடம் அந்த மாதிரி காலி இடங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்று ரஃபேல் இருந்த இடம், இன்னொன்று மிக்-29 இருந்த இடம். எது எது என்றுதான் தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு தம்பி முழங்கை நீள லென்சோடு நின்றான். விமானத்தைக் குழாய் வழியாகப் பார்க்கிறவன் மனிதர்களையும் அப்படியே பார்ப்பான் போல. டகோட்டா வந்தது. சாதாரண விமானம் இல்லை. 1947 அக்டோபர் 27-இல் சீக்கியப் படைப்பிரிவை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவின் எண், விபி 905. பழுது பார்த்துப் பறக்கவிட்டிருக்கும் இந்தக் கிழத்துக்கும் அதே எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் பரசுராமா. கண் கலங்கப் படம் எடுத்தேன். தம்பி எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சா?" என்றான். ஷட்டர் வேகம் அதிகமாக இருந்தால் சுழல்கிற விசிறி அசையாமல் நின்றுவிடுமாம். 1/200 அளவுக்கு இறக்கி வைத்தால்தான் சுழல்வது தெரியுமாம். இறக்கினால் கை ஆட்டத்தில் மொத்த விமானமும் குழம்பிப் போகுமே என்றேன். "அதுக்குத்தாண்ணே பழகணும்" என்றான். நன்றாக இருடா தம்பி.

இதெல்லாம் மெரினாக்காரர்களின் சங்கடம். எங்கள் ராயபுரத்துச் சங்கடம் வேறு. அது பருந்து.

ஒத்திகை நாட்களில் மொட்டை மாடியே எங்களுக்கு மெரினா. தெற்கே, கடல் மேலே, தூரத்தில் ஏதோ திரும்பும். போனைத் தூக்கினால் போதும், எங்கிருந்துதான் வருமோ, நடுவில் ஒரு காசிமேட்டுப் பருந்து வந்து நிற்கும். ஐஸ் பேக்டரிக்கு நேர் மேலே, இறக்கையை அசைக்காமல், ஃபோட்டோ ஸ்டூடியோவுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. போன் என்ன செய்யும்? கிட்டே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் குடும்பமே உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்ப்போம்.

"தேஜஸ்" என்றேன் நான். "மிராஜ்" என்றான் மச்சான். இரண்டுக்கும் முக்கோண இறக்கை. இரண்டுக்கும் பின்னால் சின்ன இறக்கை கிடையாது. ஆகவே யாரும் தோற்காமல் ஒரு மணி நேரம் ஓடக்கூடிய சண்டை இது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற கீழ்வீட்டுப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பின்னாடி வாலு பிளந்திருக்கே. ரெட்டை வால்னா மிக்-29" என்றார். மச்சான் உடனே கட்சி மாறி, "ரெட்டை வால் சுகோய்க்கும் உண்டு" என்றான். "அப்போ அடியில இன்னாமோ தொங்குதே?" என்றார் பெரியவர். மச்சான் துள்ளி எழுந்தான். "பிரம்மோஸ்! சுகோய்தான் பிரம்மோஸை வயித்துக்கு அடியில சுமக்கும். ரெண்டரை டன்!" வீடே மௌனமானது. ராயபுரத்து வானத்தில் பிரம்மோஸ் ஏந்திய சுகோய். அதைப் படம் பிடித்தவன் நான். இதை வெளியே காட்டினால் போலீஸ் வருமா என்றுகூடப் பேசினோம். அடுப்படியிலிருந்து வந்த என் மாமியார் போனை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, "சங்கரா மீனு. அரைக் கிலோ வரும்" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏவுகணைக்குச் செதில் இருக்காதா என்று கேட்கிறான்.

விழா அன்று மெரினாவுக்குப் போனவர்களில் ஐந்து பேர் வெயிலில் துவண்டு இறந்துபோனார்கள். அதைச் சிரிப்பாக எழுத எனக்கு வராது. அவ்வளவு பெரிய கூட்டத்தை உச்சி வெயிலில் நிற்க வைப்பது என்று ஏதோ ஒரு அறையில், மின்விசிறிக்குக் கீழே, யாரோ முடிவு செய்திருப்பார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலுக்காக நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். இன்னொன்றும் தோன்றுகிறது: வேடிக்கை என்றால் எப்போதும் மெரினாவுக்குத்தான். வடக்கே எங்களுக்கு வருவது வேறு. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா வந்தது. அவற்றைப் படம் எடுக்க முழங்கை நீள லென்ஸ் தேவைப்படவில்லை. எல்லாம் வாசலிலேயே இருந்தன.

சரி, அந்த ஒரே ஒரு வழிக்கு வருகிறேன். அதற்குள் மச்சானின் ஸ்டேட்டஸ் வந்து நிற்கிறது. ரஃபேல். விமானியின் ஹெல்மெட் வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. 'மெரினாவில் நான் எடுத்தது' என்று எழுதியிருக்கிறான். விமானத்துக்குப் பின்னால் பனிமலை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது மேகம் மாமா."

"மேகத்துக்குக் கீழே பைன் மரம் நிக்குதேடா?"

"நீங்க அப்போ தண்ணி பாட்டில் தேடிப் போயிட்டீங்க மாமா."