பாஷ் என்னும் முதலடி: தழிஞ்சியும் சுவரும் நோக்கிய ஓர் ஆய்வு (கிள்ளான் பள்ளத்தாக்குச் சான்றுகளுடன்)

ஆய்வுச் சுருக்கம்

'டயாப்லோ 2' என்னும் கணினி விளையாட்டில் பார்பேரியன் என்னும் வீரன் கற்கக்கூடிய முதல் அடி பாஷ். கற்ற கொஞ்ச நாளில் அதைக் கைவிட்டுவிடுகிறான். ஏன் கைவிடுகிறான் என்று ஆராயப் புகுந்த இக்கட்டுரை, விடையை நான்காம் இயலிலேயே கண்டுவிடுகிறது. ஆயினும் ஆய்விதழ்கள் பக்கக் கணக்குப் பார்ப்பதால் ஒன்பதாம் இயல் வரை தொடர்கிறது. திறவுச்சொற்கள்: பாஷ், பின்தள்ளல், தழிஞ்சி, செங்கல், தே தாரிக்.

1. முன்னாய்வுகள்

முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் இருந்த சேவியர் தனிநாயகம் அடிகள் அதற்கு முதற்காரணர். பிறகு 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளிலும் மாநாடு இந்நகருக்கே வந்தது. நான்கு மாநாடு கண்ட நகரில் பாஷ் பற்றிய கட்டுரை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. முதல் இரண்டு மாநாடுகளை மன்னிக்கலாம். விளையாட்டு வெளிவந்ததே 2000 ஜூனில்தான். மற்ற இரண்டில் பொன்னாடை போர்த்தவே பொழுது போதாமல் போயிருக்கும்.

2. சொற்பிறப்பு

இவ்வியல் தேவையில்லை. தலைப்பு இல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் வருந்துவார் என்பதால் இடப்பட்டது.

3. மூலபாடமும் உரையும்

பாஷ் குறித்து நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று வாய்மொழியானது. பிரிக்பீல்ட்ஸில் சிசி என்று வழங்கிய சைபர் கஃபே ஒன்றில், பதின்ம வயதுச் சிறுவனும் அவனுக்கு மூத்தவனும் பேசிக்கொண்டது (வலமிருந்து மூன்றாம் நாற்காலி, நாற்காலி இன்று இல்லை):

"அண்ணே, பாஷ்ல பாயிண்ட் போடவா?"

"ஒன்னு போட்டுட்டு மறந்துடு லா."

உரை: 'ஒன்னு' என்றது ஒரு ஸ்கில் பாயிண்டை. பார்பேரியன் லெவல் 99 வரை வளர்ந்தால் லெவலுக்கு ஒன்றாக 98, பணிகள் முடித்த வகையில் 12, ஆக 110 பாயிண்ட் பெறுவான். அதில் ஒன்றை மட்டும் இடுக என்றவாறு. அதுவும் ஏன் எனின், பாஷ் கற்காதவனுக்கு ஸ்டன் இல்லை. ஸ்டன் இன்றிக் கான்சென்ட்ரேட் இல்லை. கான்சென்ட்ரேட் இன்றி வேர்ல்விண்ட் இல்லை. எல்லாருக்கும் வேண்டியது சுழன்று சுழன்று வெட்டும் வேர்ல்விண்ட். அந்த வீட்டுக்குப் போகும் வழியில் பாஷ் ஒரு டோல் சாவடி. காசு கட்டலாம், குடியிருக்க முடியாது. 'மறந்துடு' என்றது ஏவல். ஈற்றில் நின்ற 'லா' அசைநிலை என்பர் ஒருசாரார். வாக்கியத்தின் உயிரே அதுதான் என்பர் பிரிக்பீல்ட்ஸார்.

4. கணக்கு

பாஷ் முதல் லெவலில் அடியின் வலிமையை 50 விழுக்காடு கூட்டும். பிறகு லெவலுக்கு 5 விழுக்காடாக ஏறி, இருபதாம் லெவலில் 145 விழுக்காடு. வெறும் அடி 100 என்று கொண்டால் பாஷ் அடி 245. இதைக் கேட்டால் எவரும் வாங்கிவிடுவர்.

ஆனால் பாஷ் எதிரியைப் பின்னே தள்ளவும் செய்கிறது. அடிபட்டவன் எட்டிப் போய் விழ, அடித்தவன் நடந்து போய் மறுபடி அடிக்க வேண்டும். இவ்விளையாட்டின் கடிகாரம் நொடிக்கு 25 ஃபிரேம் ஓடுகிறது. ஓர் அடிக்கு 15 ஃபிரேம், அதாவது 0.6 நொடி என்று வைத்துக்கொள்வோம். வெறுங்கணக்கில் வெறும் அடி நொடிக்கு 167. பாஷ் அடித்தவன் எதிரியைப் போய்ச் சேர 0.9 நொடி ஆகிறது என்று கொண்டால், ஓர் அடிக்கு மொத்தம் 1.5 நொடி; நொடிக்கு 163.

இருபது பாயிண்ட் செலவிட்டுக் கற்றவன் 163. கல்லாதவன் 167. கல்வி பற்றி அறநூல்கள் சொன்னவற்றுக்கு எல்லாம் இது மாறாக இருப்பதால் மூன்று முறை சரிபார்க்கப்பட்டது.

பாஷ் தரும் சில்லறைக் கூட்டல் வலிமையும் குறி தவறாமைக்கான கூடுதலும் இக்கணக்கில் இல்லை. அவற்றைச் சேர்த்தால் பாஷ் சற்றே முந்திவிடுகிறது. என் முடிவு கெட்டுவிடுகிறது. ஆகவே அவை அடிக்குறிப்பில் தரப்பட்டன. இவ்விதழ் அடிக்குறிப்பை அச்சிடுவதில்லை.

5. தழிஞ்சிச் சிக்கல்

இனி, இக்கட்டுரையின் உண்மையான பொருளுக்கு வருவோம்.

பின்வாங்கும் பகைவனைத் துரத்தி அடிக்கலாமா? ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை தழிஞ்சி என்றொரு துறை வகுக்கிறது: தோற்று முதுகு காட்டுவோர் மேல் வாளோச்சாத வீரம். பார்பேரியன் செய்வதோ நேர் எதிர். தானே தள்ளிவிடுகிறான், தானே துரத்துகிறான், தானே அடிக்கிறான். அப்படியானால் பாஷ் வலுக்குன்றியதன் காரணம் எண் அன்று, அறம் என்பது முதற்கோள்.

இதற்கு உடனே தடை எழுந்தது. கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவில் பசியாறிக்கொண்டிருந்த ஒருவர், பின்தள்ளப்பட்ட பேய் முதுகு காட்டுவதில்லை, முகம் காட்டியபடியே பின்னே போகிறது என்று சுட்டினார் (தோசைக் கடை, உள்மேசை, சாம்பாருக்கு முன்). முதுகு காட்டாதவன் தோற்றவன் ஆகான். ஆகவே தழிஞ்சி பொருந்தாது. எதிர்த்து நிற்பவனோடு பொருவது தும்பை ஆகுமே ஒழிய வேறன்று.

மறுதடை: எதிர்த்து நிற்கவும் இல்லையே, போய்க்கொண்டல்லவா இருக்கிறது? (மேற்படி மேசை, சாம்பாருக்குப் பின்.)

விடை: கால் போவது அடித்தவன் வினை, முகம் நிற்பது அடிபட்டவன் வினை. ஒரே உடம்பில் இரு எழுவாய். (மேற்படி மேசை, பில்லின் பின்புறக் குறிப்பு. சட்னிக் கறைக்கு மேல் உள்ள வரி தெளிவு. கீழ் உள்ளது சிதைவு. 'இரு எழுவாய்' என்பதை 'இரு, எழுவாய்' எனப் பிரித்து, உட்கார்ந்திருப்பவரை எழுந்து போகச் சொன்னதாகக் கொள்வாரும் உளர். அவர் மேசைக்குக் காத்து நின்றவர்.)

இன்னொரு வழியும் உண்டு. தொல்காப்பிய உரைகாரரிடம் தழிஞ்சி என்பது போரில் புண்பட்டவரைத் தழுவிப் பேணுதல் எனப் பொருள்படுகிறது. இதைக் கொண்டால் பார்பேரியன் எதிரியை நோக்கி ஓடுவது அடிப்பதற்கு அன்று, ஆறுதல் சொல்வதற்கு. ஒவ்வொரு முறையும் ஆறுதல் அடியில் முடிவது வேறு ஆய்வுக்குரியது. இவ்விருவேறு பொருளையும் ஒருங்கே ஏற்று இரு தரப்பையும் மகிழ்விக்கும் கட்டுரை ஒன்றை, இரு தரப்பு மாநாடுகளுக்கும் தனித்தனித் தலைப்பில் அனுப்பியுள்ளேன்.

6. மாட்டு

2003-இல் வந்த 1.10 பதிப்பு ஒரு புதுமை செய்தது. ஒரு திறனில் இட்ட பாயிண்ட், எங்கோ இருக்கும் வேறொரு திறனுக்கும் வலு சேர்க்கும். ஸ்டன்னில் இட்டால் பாஷ் வளரும். கான்சென்ட்ரேட்டில் இட்டாலும் வளரும். உலகம் இதைச் சினர்ஜி என்று வியந்தது. பத்துப்பாட்டில் பல அடி தள்ளிக் கிடக்கும் சொற்களை இழுத்து வந்து மாட்டிப் பொருள் கொண்ட நச்சினார்க்கினியருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

நம் காலத்துப் பல்கலைக்கழகங்களிலும் மாட்டு உண்டு. என் கட்டுரையில் நீ, உன் கட்டுரையில் நான். ஆண்டிறுதியில் இருவர் கேபிஐயும் நிறைகிறது.

7. திருத்தியோர் வரலாறு

2021 செப்டம்பரில் விளையாட்டு 'ரிசரக்டட்' எனப் புத்துருப் பெற்றது. 2022 ஏப்ரலில் வந்த 2.4 பதிப்பு, பத்தாண்டுக்கும் மேலாக ஒருவரும் தொடாத திறன் சமநிலையைத் தொட்டு, கைவிடப்பட்டுக் கிடந்த பல திறன்களைத் தூக்கிவிட்டது. இது போன்ற விளையாட்டுகள் எல்லாவற்றிலும் நோஞ்சான் திறனைக் கண்டதும் கை தானாகப் போவது விழுக்காட்டை ஏற்றத்தான். எண்ணை ஏற்றினால் அறிவிப்பில் போடலாம்; கைதட்டல் கிடைக்கும்.

8. சுவர்க் கோட்பாடு

இதுவரை சொன்னது எல்லாம் வெட்டவெளிக்குப் பொருந்தும். எதிரியின் பின்னே ஒரு சுவர் இருந்தால்? தள்ளுவதற்கு இடமில்லை. துரத்துவதற்கு வேலையில்லை. 0.9 நொடி மறைகிறது. 245-ஐ 0.6 நொடியால் வகுத்தால் நொடிக்கு 408. அதே கை, அதே கோடாரி. வெளியில் 163, சுவரோரம் 408. எனவே பாஷ் என்பது போர்த்திறன் அன்று, கட்டடக்கலை.

இங்கேதான் பிரிக்பீல்ட்ஸ் உலக வரலாற்றில் நுழைகிறது. 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. மரமும் அத்தாப்புமாக இருந்த நகரைச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டப் பணித்தார் சிலாங்கூர் ரெசிடென்ட் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம். அதற்கான செங்கல் சூளைகள் எரிந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். ஆகவே, கலிபோர்னியாவில் பிளிசார்ட் நார்த் நிறுவனம் பாஷ் என்னும் குறையை உண்டாக்குவதற்கு நூறு ஆண்டுக்கும் மேல் முன்பே அதன் தீர்வு நம்மிடம் சூளையில் வெந்துகொண்டிருந்தது. அந்த நிறுவனத்தார் பிரிக்பீல்ட்ஸைக் கேள்விப்பட்டதே இல்லையே என்பர் சிலர். கேள்விப்படாமலே கடன்வாங்குவது செல்வாக்கின் உச்சநிலை. எல்லாம் இங்கிருந்தே போயிற்று என்று நிறுவும் நூல்கள் அனைத்தும் இந்த முறையியலையே பின்பற்றுகின்றன; அவற்றுக்கு இல்லாத ஆட்சேபம் எனக்கு மட்டும் ஏன்?

கிள்ளான் தரப்பு இதை ஏற்கவில்லை. செங்கல்லுக்கு முன்பே தங்கள் ஊரில் ராஜா மஹ்டியின் கோட்டை இருந்தது என்றும், 1867-இல் மூண்ட கிள்ளான் போரே முதல் பாஷ் என்றும் வாதிடுகின்றனர். சான்று கேட்டதற்கு, கொமுட்டர் ரயிலில் என்னோடு கிள்ளான் வரை வந்த பெரியவர் அருளியது பின்வருமாறு (செவிவழி, ஷா ஆலாமுக்கும் பாடாங் ஜாவாவுக்கும் இடையில், அறிவிப்பு ஒலித்தபோது விடுபட்ட சொற்கள் புள்ளியிட்டுக் காட்டப்பட்டுள்ளன, 'சுவர்' என்னும் இடத்தில் 'சவர்' என்றும், அவருடைய பேரன் வழிப் பிரதியில் 'சர்வர்' என்றும் பாடம்): "தம்பி, … சுவர் இருந்தா … யாரு வேணும்னாலும் … அடிக்கலாம்."

இதில் 'சர்வர்' என்னும் பாடமே சிறந்தது. சர்வர் பழுதானால் எதிரி நகர்வதே இல்லை, சுவரே வேண்டாம். ஆனால் கோட்பாட்டுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

பின்தள்ளும் தூரத்துக்கு அலகு ஒன்றும் முன்மொழிகிறேன்: ஒரு காக்கி லீமா. கடைவீட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கும் அந்த ஐந்தடி அகலம். எதிரி ஒரு காக்கி லீமாவுக்குள் விழுந்தால் துரத்தலாம். அதற்கு மேல் போனால் தே தாரிக் சொல்லிவிடுவது நலம்.

9. முடிவுரை

பாஷைத் தூக்கிவிட இரண்டு வழி. ஒன்று, தள்ளும் தூரத்தைக் குறைப்பது. துரத்தும் நேரம் 0.45 நொடியாகப் பாதி ஆனால், எண்ணைத் தொடாமலே நொடிக்கு 233 கிடைக்கிறது. மற்றது, தூரத்தை விட்டுவிட்டு எண்ணை ஏற்றுவது. அதே 233-ஐ எட்ட 145 விழுக்காட்டை 250 ஆக்க வேண்டும். ஆக்கினால் சுவரோரத்தில் அது 583 ஆகப் பாயும். ஒரே மாதத்தில் ஊரிலுள்ள பார்பேரியன் எல்லாம் எதிரியைச் சுவர் தேடித் தள்ளிக்கொண்டு போவான். அடுத்த பதிப்பில் நெர்ஃப் என்னும் வலுக்குறைப்பு வந்து திறன் பழைய குழியிலேயே விழும். நோஞ்சான் திறன் எல்லா இடத்திலும் நோஞ்சான் அன்று. எங்கே வலுவாக இருக்கிறது என்று பார்க்காமல் ஏற்றும் எண், பழுதான இடத்தைத் தொடுவதில்லை; நன்றாக இருந்த இடத்தைக் கெடுக்கிறது.

இந்த ஒரு பத்தியைத்தான் முதலில் இதழுக்கு அனுப்பினேன். ஆழமில்லை என்று திரும்பி வந்தது. முதல் எட்டு இயல்களையும் சேர்த்தபின் மதிப்பீட்டாளர் மனமிரங்கி, தம்முடைய கட்டுரைகள் ஆறனை மேற்கோள் காட்டினால் ஏற்கலாம் என்றார். அவற்றுள் நான்கு சோழர் காலப் பாசனம் பற்றியவை. இரண்டு முன்னவற்றின் சுருக்கம். ஆறனையும் காட்டிவிட்டேன்.