அஞ்சும் அஞ்சும் ஒண்ணு

வாப்பா தம்பி. ஒண்ணாவது படிக்கிற உன் மகன் 3 + 2 = 4னு எழுதிட்டானாமே. வீட்ல அடுப்புகூட எரியலைன்னு கேள்விப்பட்டேன். அபாகஸ் வகுப்புல சேர்க்கிறதா, டியூஷன் வெக்கிறதான்னு புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரி முழுக்க மாநாடு போட்டீங்களாம். நல்லது. அஞ்சு வயசுல ஒரு சைபர் வாங்கினா அப்புறம் ஐஐடி எப்படிப் போறது?

அவனைத் திட்டுறதுக்கு முன்னாடி நம்ம ஊர்க் கணக்கைக் கொஞ்சம் பாரு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு அஞ்சு நகராட்சி இருந்துச்சு. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைன்னு அஞ்சு பேரூராட்சி இருந்துச்சு. 2021 நவம்பர்ல எல்லாத்தையும் கூட்டினாங்க. எத்தனை வந்துச்சு? தாம்பரம்னு ஒரே ஒரு மாநகராட்சி. 5 + 5 = 1. கோட்டையில உட்கார்ந்து போட்ட கணக்கு, யாரும் சிவப்பு மையில சுழிக்கலை. எதை எண்றோம்னு சொல்லாம வெறும் எண்ணை நிறுத்தினா இப்படித்தான் ஆகும். ஊரை எண்ணினா பத்து, மேயர் நாற்காலியை எண்ணினா ஒண்ணு. உன் மகன் நோட்டுல 3 எதுன்னு இருக்கா, 2 எதுன்னு இருக்கா? புளியங்கொட்டையா, இட்லியா? ஒண்ணும் கிடையாது. எண்ணு மட்டும் வெயில்ல நிக்குது.

கணக்கு சொல்லிக்குடுக்க ஒரு வரிசை இருக்கு: முதல்ல பொருளு, அப்புறம் கதை, அதுக்கப்புறம் படம், கடைசியா குறி. நான் புதுசா சொல்லலைப்பா. அரசுப் பள்ளிக்கூடம்னா உனக்கு ஓட்டுப் போடப் போற இடம்; அதனால தெரியாது. 2003லயே சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல்னு புள்ளைங்களைத் தரையில உட்காரவெச்சு, அட்டையும் பொருளும் கையில குடுத்துச் சொல்லிக்குடுத்தாங்க. கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக்கிடந்து புள்ளைங்க மறந்துபோச்சுன்னு, 2022 ஜூன்ல திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்துல ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை ஆரம்பிச்சாங்க. அதுல புள்ளைக்கு எவ்வளவு தெரியுதுன்னு பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை வெச்சாங்க. உனக்கோ அரும்பு கட்டின அன்னைக்கே மாலை கட்டியாகணும்.

இந்தக் குறிங்க இருக்கே, அதுங்களே நேத்துப் பொறந்ததுங்கதான். கூட்டல், கழித்தல் குறி 1489ல ஜெர்மனியில விட்மன்னு ஒருத்தர் புத்தகத்துல அச்சாச்சு. சமக்குறியை 1557ல ராபர்ட் ரெக்கார்டுன்னு வேல்ஸ்காரர் போட்டார். ரெண்டு இணைகோட்டைவிடச் சமமானது வேற எதுவும் இல்லைன்னு அவர் காரணமும் சொன்னார். அதுக்கு முன்னாடி உலகத்துல யாரும் கத்திரிக்கா வாங்கலையா, மிச்சச் சில்லறை கேக்கலையா?

அந்தச் சமக்குறியைத்தான் நீங்க எல்லாரும் ‘விடையை இங்க போடு’ங்கிற உத்தரவா ஆக்கிட்டீங்க. அது தண்டவாளம் மாதிரிப்பா, ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல இருக்கணும். சந்தேகமா இருந்தா ஆறாவது படிக்கிற உன் மூத்தவகிட்ட 8 + 4 = ☐ + 5னு எழுதிக் குடு. பன்னெண்டும்பா, இல்லைன்னா பதினேழும்பா. அமெரிக்காவுல ஆறாவது படிக்கிற புள்ளைங்ககிட்ட கேட்டப்பவும் பெரும்பாலும் அந்த ரெண்டுதான் வந்துச்சு. விடை 7. நீ இப்ப மனசுல என்ன போட்டேன்னு நான் கேக்கலை, பயப்படாதே. சின்னவனுக்கு இப்பவே 5 = 3 + 2னும் எழுதிக் காட்டு. 3 + ☐ = 5னும் கேளு. கட்டம் எப்பவும் கடைசியிலயே குந்தியிருக்கணும்னு சட்டமா என்ன?

சரி, அவனுக்கு 4 எப்படி வந்துச்சு? நீ கேட்டியா? கேட்டிருக்க மாட்டே. சென்னை பீச் போற மின்சார ரயில்ல அவனைக் கூட்டிட்டுப் போ. ‘தாம்பரத்துல ஏறி மூணு ஸ்டேஷன் போனா எங்கடா இறங்குவோம்?’னு கேளு. தாம்பரம் ஒண்ணு, சானடோரியம் ரெண்டு, குரோம்பேட்டை மூணுன்னு இறங்கப் பார்ப்பான். நிக்கிற இடத்தையே ஒண்ணுன்னு எண்றான்பா! 3 + 2க்கும் அதேதான்: மூணு, நாலுன்னு ரெண்டு தடவை சொல்லி முடிச்சுட்டான். ரயில் நகர்ந்தாத்தான் ஒண்ணுன்னு சொல்லு, பல்லாவரத்துல சரியா இறங்குவான். திரும்பி வரும்போது கழித்தல். பல்லாவரத்துல ஏறி ரெண்டு ஸ்டேஷன் வந்தா சானடோரியம். டிக்கெட் காசுல பாடம் முடிஞ்சுபோச்சு.

இன்னொண்ணு. ‘மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி, அதிகம்னா கூட்டு’ன்னு குறுக்கு வழி சொல்லிக்குடுக்காதே. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில அக்கா 5 வளையல் வாங்கினா, அது தங்கச்சி வாங்கினதைவிட 2 அதிகம். தங்கச்சி எத்தனை வாங்கினா? ‘அதிகம்’ காதுல விழுந்ததும் புள்ளை ஏழும்பான். மூணுதான். கழித்தல்னா எடுத்துட்டு மீதியைப் பார்க்கிறது மட்டுமில்லை. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம், இன்னும் எவ்வளவு வேணும், இதெல்லாமும் கழித்தல்தான். மூணுக்கும் தனித்தனியா கதை கட்டிச் சொல்லு. கதை வரலைன்னா உன் மாமனாரைக் கேளு, அவர் நிறைய வெச்சிருப்பார்.

அபாகஸ் வேணாம்னு சொல்லலை, பணம் உன்னுது. ஆனா விடை தப்பா வந்தா ‘எப்படிடா கண்டுபிடிச்சே?’னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திட்டு. விடை சரியா வந்தாலும் அதையே கேளு. தப்பா வந்தா மட்டும் கேக்கிற அப்பன்கிட்ட எந்தப் புள்ளையும் வழியைச் சொல்லாது, விடையை மட்டும்தான் சொல்லும்.