கல்லும் கள்ளியும் சி.டி.யும்

எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்று. பெயர் எதற்கு? வில்லியனூர்ப் பெரியவர் ஒருவர் தாத்தா காலத்துப் பத்திரத்துக்கு நகல் கேட்டு நின்றார்.

"அதெல்லாம் சி.டி.யில ஏத்தியாச்சு பெரியவரே."

"எடுத்துக் குடுங்க சார்."

"சி.டி. இருக்கு. போட்டுப் பாக்கத்தான் பொட்டி இல்ல."

இதே புதுச்சேரி மண்ணில், பாகூரில், பல்லவன் நிருபதுங்கன் மூன்று ஊர்களின் வருவாயை அங்கிருந்த கல்விச்சாலைக்கு எழுதிக்கொடுத்தான். ஒன்பதாம் நூற்றாண்டு. ஐந்து செப்பேடுகள். 1879-இல் கிடைத்தபோது எழுத்துத் தெரிந்தவர் படித்தார், அவ்வளவுதான். மெஷின் கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. அந்தக் காலத்தார் செம்பை மட்டும் நம்பிக்கொண்டும் இருக்கவில்லை. நாட்டார் எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, ஓலையிலும் எழுதினார்கள். செப்பேடு தொலைந்தால் ஓலை, ஓலையைச் செல் அரித்தால் கல், எல்லாம் போனாலும் நடந்தவன் சொல்வான். இன்று கம்ப்யூட்டர்காரர்கள் 'மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருள், ஒன்று வேறிடத்தில்' என்று வகுப்பெடுத்துக் காசு வாங்குவது இதைத்தான்.

நம்மவர்கள் செய்தது என்ன? 1.44 எம்.பி. பிளாப்பிக்குக் குத்துவிளக்கு. பிறகு சி.டி.க்குக் குத்துவிளக்கு. பிறகு ஹார்ட் டிஸ்க்குக்கும் அதே விளக்கு, அதே சந்தனம். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்யத்தான் டெண்டர். பழையதிலிருந்து புதியதற்கு மாற்றி, சரியாக வந்ததா என்று திறந்து பார்க்க ஒரு பைசா கிடையாது. அதற்கு ரிப்பன் வெட்ட முடியாதே! நாம் எழுதிக்கொள்ளும் சி.டி.யின் சாயம் ஈரத்திலும் வெயிலிலும் வெளிறும். பென்டிரைவைச் சும்மா போட்டுவைத்தாலே உள்ளிருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு இது தெரியாதாம். பிரிட்டனில் 1986-இல் பி.பி.சி. லேசர் தட்டில் தேசத்தையே பதிந்தது; பதினாறு வருடத்தில் அதைப் படிக்கும் கருவியைத் தேடி அலைந்தார்கள். அவர்களின் 1086-ஆம் ஆண்டு நிலக்கணக்குத் தோல் ஏடு இன்னும் படிக்கக் கிடக்கிறது. அவர்கள் வெட்கப்பட்டு மீட்டார்கள். நமக்கு அந்த வழக்கம் இல்லை.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது பெரியவர் அரிசியை விட்டுவிட்டு டிரங்குப் பெட்டியைத்தான் பரணில் ஏற்றினாராம். அதைச் சொன்னதும் எழுத்தர் முகம் மலர்ந்தது.

"பத்திரம் பத்திரமா இருக்குல்ல? ஜெராக்ஸ் ஒண்ணு கொண்டாங்க பெரியவரே, ஸ்கேன் பண்ணி வச்சுக்கிறோம். நாளைக்கு நீங்க நகல் கேட்டா குடுக்கணுமே!"