உப்பிலிட்ட நெல்லிக்காய் உண்டவனுக்குச் சொந்தமா?

கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1555-இல் போர்த்துக்கீசியர் கட்டிக்கொடுத்துப் பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனையையும், 1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயத்தையும் குறித்து விஸ்தாரமான நூல்கள் இருக்க, அவற்றைக் காணப் போகிறவர்கள் வழியில் நின்று வாங்கித் தின்னும் உப்பிலிட்ட நெல்லிக்காயைக் குறித்துப் பண்டிதர்கள் மௌனம் சாதிப்பது வித்தியாலோகத்துக்கே ஒரு குறையாதலால், அதை நிவர்த்திப்பதே இவ்வியாசத்தின் பிரயோஜனம். பிரச்னை இதுதான்: காசு கொடுத்து வாங்கி, மென்று விழுங்கிய அந்த உப்பு, உண்டவனுக்குச் சொந்தமாகிறதா?

காசு கொடுத்தவனுக்கே பொருள் என்பது பூர்வபட்சம். அது நிற்காது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிக்கின்றன. அதில் செல்லும் ஸோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இவ்வளவும் வாசல்வரை போய்த் திரும்புகிறது. சுமார் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகக் குழலின் முதற்பகுதியிலும், கால் பங்கு ஹென்லியின் பெயர் தாங்கிய வளைவிலும், மிச்சத்தில் பெரும்பகுதி அதற்கப்பாலும் மீட்கப்பட்டுவிட, கடைசிக் குழல்களை எட்டும் நூற்றில் இரண்டு மூன்று பங்கைப் பற்றியதே வழக்கு முழுவதும்.

அவ்விடத்தில் சுங்க அதிகாரியாக வீற்றிருப்பது அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன். கொச்சித் துறையின் சுங்கம் 1663-இல் டச்சுக்காரர் கைக்கும் 1795-இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. இந்த அதிகாரிக்கோ மாற்றல் உத்தரவே கிடையாது. 1953-இல் ஸில்வியா ஸிம்ஸன், ஜேம்ஸ் டெய்ட் முதலானோர் பிரித்தெடுத்துக் காட்டும்வரை இவர் அக்ஞாதவாசமாகவே உத்தியோகம் பார்த்து வந்தார். உடலில் உப்போ இரத்தத்தின் அளவோ குறைந்தால், சிறுநீரகம் ரெனினைச் சுரக்க, அதன் வழியே ஆஞ்சியோடென்ஸின் பிறந்து அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, இவர் புறப்பட்டுக் குழலின் செல்லுக்குள் நுழைந்து, அதன் உட்கருவில் புதுப் புரதங்களுக்கு உத்தரவு பிறப்பித்து, ஸோடியம் நுழையும் வாயில்களைப் பெருக்குகிறார். இத்தனைக்கும் ஒரு மணி நேரமாவது பிடிக்கும், சர்க்கார் காரியமல்லவா?

நெல்லிக்காய் உள்ளே போனால் நேர்மாறு நிகழும். ரெனின் ஒடுங்கும், அல்டோஸ்டிரோன் தளரும், இருதயத்தின் மேலறைகளிலிருந்து, 1981-இல் டி போல்ட் கண்டறிந்து காட்டிய வேறொரு ஹார்மோன் கிளம்பி உப்பை வெளியேற்றச் சொல்லும். ஆயினும் கணக்கு நேராக இரண்டு மூன்று நாளாகும். தாகமோ அதுவரை பொறுக்காது; குடித்த நீரோடு உப்பும் உடலில் தங்கி, எடையைச் சற்றே கூட்டிவைக்கும்.

இங்கே ஒரு விதிவிலக்கு. மட்டாஞ்சேரிக்கு அண்டையில், ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்னும் பகுதியிலுள்ள தோபிகானாவில், டச்சுக்காரர் காலத்தில் அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததியார் எனப்படும் தமிழ் வண்ணார்கள் வெயிலில் துணி துவைக்கிறார்கள். அவர்களது வியர்வையோடு உப்பும் ஒழுகுவதால், அல்டோஸ்டிரோன் வியர்வைச் சுரப்பிகளிலும் தன் அதிகாரத்தைச் செலுத்தி, வெயிலுக்குப் பழகிய தேகத்தின் வியர்வையில் உப்பைக் குறைத்துவிடுகிறது. அவர்களுள் ஒருவர் நெல்லிக்காய் தின்றால், அதன் உப்பில் ஒரு பங்கேனும் அவருக்கு நியாயமாகச் சொந்தம்.

மின்விசிறியின் கீழமர்ந்து இதை வாசிப்பவர்க்கு அந்தப் பாத்தியதை இல்லை என்பதே சித்தாந்தம். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு அனுமதிப்பது 5 கிராமுக்கும் குறைந்த உப்பு. ஆதலால், அன்பரே, நெல்லிக்காயைத் தின்னுங்கள், ஜாடியிலுள்ள உப்புநீரைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.