உயரமே டிகிரி

ஜோ லாப்சிக் 1900-ல், நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில், பிழைக்க வந்த செக் குடும்பமொன்றில் பிறந்தார். வீட்டில் காசு வளரவில்லை. பையன் மட்டும் ஆறடி ஐந்து அங்குலம் வளர்ந்தான். உயர்நிலைப் பள்ளிப் பக்கமே எட்டிப் பார்க்காமல் வேலைக்குப் போனவருக்கு அந்த உயரம்தான் டிகிரி. அப்போதெல்லாம் கூடைப்பந்தில் ஒவ்வொரு முறை கூடையில் பந்து விழுந்ததும் ஆட்டம் நடுக்களத்துக்குத் திரும்பும். நடுவர் பந்தைத் தூக்கிப் போட, இரண்டு நெட்டைகள் எம்ப வேண்டும். தட்டுகிறவன் கட்சிக்கே பந்து. நெட்டையனைக் கையில் வைத்திருந்தவன் முதலாளி!

விஷயம் தெரிந்த லாப்சிக் ஒரே சீசனில் பல அணிகளுக்கு ஆடினார். ஒரு மேனேஜரிடம் இன்னொருவர் பெயரைச் சொல்லி ரேட்டை ஏற்றுவது அவருக்குக் கைவந்த கலை. பல ஊர்களில் களத்தைச் சுற்றிக் கம்பிவலை வேறு. ரசிகர்களிடமிருந்து ஆட்டக்காரர்களைக் காப்பாற்றவா, ரசிகர்களையே காப்பாற்றவா என்பதை ஊரைப் பொறுத்துதான் சொல்ல வேண்டும்.

பிறகு 'ஒரிஜினல் செல்டிக்ஸ்' அணி. நியூயார்க் செல்டிக்ஸ் என்ற பெயரைப் பழைய முதலாளி தர மறுத்ததால், புதிதாக அணி சேர்த்தவர்கள் கூசாமல் 'ஒரிஜினல்' என்று போட்டுக்கொண்டார்கள். நம்மூர் அல்வாக் கடைக்காரர்களுக்கு இது புரியும். இந்த ஒரிஜினல்கள் 1927, 1928 என்று தொழில்முறை லீக்கை வரிசையாக ஜெயித்ததில் போட்டி சப்பென்று போனது. லீக் அணியையே கலைத்து ஆட்களைப் பங்குபோட்டது. லாப்சிக் கிளீவ்லாண்ட் அணிக்குப் போனார். பழைய கூட்டாளிகள் சிலரும் அங்கே வந்துசேர, 1929, 1930 கோப்பைகள் கிளீவ்லாண்டுக்கு. கலைத்தவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

1936-ல் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி அவரைக் கோச்சாக அழைத்தது. கல்லூரி வாசலை அவர் மிதித்ததே சம்பளத்துக்குத்தான். 1943, 1944 இரண்டிலும் என்.ஐ.டி. எனும் கல்லூரி அணிகளுக்கான தேசிய அழைப்புப் போட்டியில் கோப்பை. அப்புறம் தொழில்முறை அணியான நியூயார்க் நிக்ஸின் கோச்: 1951 தொடங்கி மூன்று வருடம் தொடர்ந்து இறுதிப் போட்டி, மூன்றிலும் தோல்வி. 1956-ல், ராத்தூக்கம் போச்சு என்று விலகியவர், நிம்மதி தேடிப் போன இடம்? மறுபடி அதே செயின்ட் ஜான்ஸ், அதே கோச் நாற்காலி!

1959-ல் இன்னொரு கோப்பை. 1965-ல் வயது 65. விதிப்படி வீட்டுக்குப் போ என்றது கல்லூரி. கடைசி ஆட்டத்தில் வில்லனோவாவை 55–51 என்று சாய்த்து நான்காவது என்.ஐ.டி. கோப்பையைத் தூக்கினார். பையன்கள் அந்த ஆறடி ஐந்து அங்குலத்தைத் தோளில் சுமந்தார்கள். நிர்வாகமும் கை தட்டியிருக்கும். விதியை மட்டும் தொடவில்லை. நாற்காலி உதவியாளர் லூ கார்னசெக்காவுக்குப் போனது.