மாவு நாறினா ஊரைத் திட்டாதேலே

ஏலே மருமவனே, வா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. செம்பூர்ல மாவுக் கடை போட்டு மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள மாவு நாறுது, பம்பாய்த் தண்ணி சரியில்லைன்னு அது மேல வழக்குப் போடுத மாதிரி நிக்கியே.

இதே தண்ணியிலதாம்ல தாராவில நம்மாளுக இட்லி அவிக்காங்க. விடிஞ்சும் விடியாம சைக்கிள்ல பாத்திரத்தைக் கட்டி, பாம் பாம்னு ஹாரன் அடிச்சு ஊரெல்லாம் விக்காங்க. மாட்டுங்காவுல 1940-ல தொறந்த கஃபே மெட்ராஸ் வாசல்ல இன்னிக்கும் கூட்டம் நிக்கி. அவுக என்ன தாமிரவருணித் தண்ணிய டேங்கர்லயா கொண்டாராக?

லூக்கோனாஸ்டாக்னு ஏதோ கிருமி பேரச் சொல்லுதியே. மாவைப் பொங்க வைக்கதே அதுதான்னு சொன்னே, சரி. அது உளுந்தோடயே வருது. நீ பத்திரிகை வச்சுக் கூப்புட வேண்டாம், வந்ததக் கெடுக்காம இருந்தாப் போதும்.

உம் மூக்கை நம்பு. புளிப்புத் தூக்கலா இருந்தா நேரம் கூடிப்போச்சு. ஊர்ல ஆச்சி எட்டு மணி நேரம்னு சொன்னா, அத மே மாசமும் சனவரியும் ஒண்ணாப் பிடிச்சுக்கிடுத. மாவு கடியாரம் பாக்காதுலே, சூடு பாக்கும். பொங்காமக் கல்லு மாதிரி கெடந்தா உளுந்து பழசு, இல்ல கிரைண்டர்ல மாவு சுட்டுப்போச்சு; ஆட்டையில பச்சத் தண்ணிக்குப் பதிலா ஐஸ் தண்ணி தெளி. மருந்து வாடை அடிச்சா குழாத் தண்ணில குளோரின். ராத்திரியே குடத்துல பிடிச்சுத் தொறந்து வையி.

இதெல்லாத்தையும் ஒரே நாள்ல செஞ்சிராத. அரிசி, உளுந்து, உப்பு எல்லாத்தையும் மாத்தி மாவு நல்லா வந்துட்டா, எது திருடன்னு எப்படிலே கண்டுபிடிப்பே? ஒரு நாளைக்கு ஒண்ணு.

இது சரிப்படலன்னா பியர் காய்ச்சப் போறேன்னு வேற மிரட்டுத. அங்கயும் இதே துப்பறியுத வேலதான். வெண்ணெய் வாடை அடிச்சா ஈஸ்ட்டு வேலைய முடிக்குமுன்னே அவசரப்பட்டிருக்க. நனைஞ்ச அட்டை வாடை அடிச்சா உள்ள காத்துப் பூந்திருக்கு. ஆனா இங்க 1949-ஆம் வருசத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் சாவல. லைசென்ஸ் இல்லாமக் காய்ச்சினா, மொத தம்ளர் ருசி பாக்க வாரவன் போலீஸ்காரன்தான்.

நேத்து உங்கிட்ட ஒரு சொம்பு மாவு வாங்கிட்டுப் போனேம்லா? ஓசி இட்லிக்குன்னு உன் பொண்டாட்டி முணுமுணுத்தா. ஒரே மாவு, ஒரே தண்ணி. என் எவர்சில்வர் சொம்புல இருந்தது காலையில மல்லியப்பூவாட்டம் வந்துச்சு. உன் பிளாஸ்டிக் வாளில இருந்தது நாறுச்சு.

அந்த வாளி மூடியில ஒரு ரப்பர் வளையம் இருக்கு பாரு. என்னிக்காவது கழட்டிருக்கியா? நான் நகத்தால கீறிப் பாத்தேன். நீ கடை தொறந்த அன்னைக்கு ஆட்டின மாவு உள்ள குடியிருக்கு, வாடகை குடுக்காம.

போ, கழட்டி வெந்நீர்ல கழுவி வெயில்ல போடு. நாளைக்கும் நாறினா வா, ரெண்டு பேருமாச் சேந்து பம்பாய்த் தண்ணியத் திட்டுவோம்.