பெட்டியை யார் பார்த்துக்கொள்வது?

தனியாக வெளிநாட்டு விமானம் ஏறுகிறவருக்கு முதல் சிக்கல் பாஸ்போர்ட் வரிசையில் வருவதில்லை. கழிப்பறை வாசலில் வருகிறது. குடும்பமாக வந்தவர்கள் பெட்டிகளை நடுவில் குவித்து, பாட்டியைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு, ஒவ்வொருவராகப் போய்வருகிறார்கள். தனியாளுக்குப் பாட்டி இல்லை. உருட்டுப்பெட்டி, மடிக்கணினிப் பை, குளிர்கோட்டு, டியூட்டி ஃப்ரீ கவர் அத்தனையும் அந்தக் குறுகலான அறைக்குள் கூடவே நுழைய வேண்டும். கதவு சாத்தினால் ஆள் நிற்க இடமில்லை. ஆள் நின்றால் கதவு சாத்தாது.

“கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்” என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவது மதுரை ரயில் நிலையத்தில் நடக்கும். விமான நிலையத்தில் கேட்டால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். அவர்மேல் தப்பில்லை. 1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோவில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் பையில் வெடிகுண்டு இருந்தது. அவருக்கே தெரியாமல் அதை வைத்து அனுப்பியவர் அவர் கல்யாணம் செய்துகொள்ள இருந்த ஆள். “உங்கள் பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா?” என்று கவுன்டரில் கேட்கும்போது சிரிக்காமல் பதில் சொல்வது நல்லது.

சிகாகோவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அந்தக் கேள்விக்கு “ஆமாம்” என்றுதான் சொன்னார். சொன்னது சுத்தப் பொய். மதுரையிலிருந்து வருகிற எந்தப் பிள்ளையின் பெட்டியையும் பிள்ளை அடுக்குவதில்லை. பொங்கலுக்குத் தனியாக வந்திருந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதால் மனைவி சிகாகோவிலேயே இருந்துவிட்டார். திரும்பும்போது அம்மா கூழ்வத்தல், அப்பளம், இட்லிப்பொடி, முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய் என்று 23 கிலோவும் கிராம் குறையாமல் நிரப்பினார். கொப்பரைத் தேங்காயை மட்டும் நண்பர் கெஞ்சி வெளியே எடுக்கவைத்தார். கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்று உலக ஆபத்துச் சரக்குப் பட்டியலில் இருக்கிறது, அதற்கென்று ஐ.நா. கொடுத்த எண் 1363. “நம்ம வீட்டுப் பரண்ல அஞ்சு வருஷமாக் கெடக்கு, அது தீப்பிடிக்கலையே” என்று அம்மா கேட்டார். ஐ.நா.விடம் இதற்குப் பதில் இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

சென்னையில் நள்ளிரவு தாண்டி ஏறினால் பிராங்க்பர்ட்டில் விடியற்காலை. அங்கே இறங்கி சிகாகோ விமானத்துக்கு மாறும்போது மறுபடியும் ஒரு பாதுகாப்புச் சோதனை. பெட்டியில் இடமில்லாமல் கைப்பைக்குள் கடைசி நிமிடத்தில் இறங்கியிருந்த சின்ன ஊறுகாய்ப் பாட்டில் அங்கே பிடிபட்டது. 2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிமருந்தை நிரப்பி அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களைத் தகர்க்கும் சதியை லண்டன் போலீஸ் கண்டுபிடித்தது. 100 மில்லிலிட்டர் விதி அதிலிருந்து பிறந்தது. ஊறுகாயில் எண்ணெய் மிதக்கிறது, ஆகவே திரவம். ஜெர்மன் அதிகாரி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், மூடியருகே முகர்ந்தார், மரியாதையோடு குப்பைத்தொட்டியில் வைத்தார். போட்டார் என்று சொல்ல முடியாது, வைத்தார்.

பிறகுதான் பனி.

ஜனவரி பனி ஜெர்மனிக்குப் புதிதில்லை, விமானமும் பனியில் பறக்கும். ஆனால் இறக்கைமேல் உறைபனி படிந்தால் காற்று வழுக்கிப் போக வேண்டிய வளைவு கெட்டுப்போகும், தூக்குவிசை குறையும். அதற்காகப் புறப்படும் முன் கிளைகாலும் தண்ணீரும் சேர்ந்த சூடான கலவையைக் கிரேன் வண்டியிலிருந்து பீய்ச்சுகிறார்கள். ஜன்னலோரத்தில் இருந்து பார்த்தால் தீபாவளி எண்ணெய்க்குளியல்தான்: சுடச்சுட, தலை முதல் வால் வரை, ஒரு இடம் விடாமல். குளித்த விமானம் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் கிளம்பிவிட வேண்டும். ஓடுபாதை வரிசையில் அதிக நேரம் நின்றுவிட்டால் திரும்பி வந்து மறுபடி குளிக்க வேண்டும். நண்பரின் விமானம் குளித்தது, வரிசையில் நின்றது, திரும்பியது, குளித்தது. அதற்குள் விமானிகளின் வேலைநேரம் முடிந்துவிட்டது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பணியில் இருக்கலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. அந்தக் கணக்கு தீர்ந்தால் வானம் தெளிந்திருந்தாலும் விமானி எழுந்து போய்விட வேண்டும். பயணிகளை எல்லாம் இறக்கினார்கள்.

மாற்று விமானிகளைத் தேடிக்கொண்டிருக்கையில் மணி இரவு ஒன்பதைத் தாண்டியது. இங்கேதான் பிராங்க்பர்ட்டுக்கே உரிய ஒரு விதி குறுக்கே வந்தது. இரவு 11 முதல் காலை 5 வரை அங்கே கால அட்டவணைப்படி விமானம் ஏறவோ இறங்கவோ கூடாது. புதிய ஓடுபாதை திறந்த 2011-ஆம் ஆண்டில், சுற்றிலும் குடியிருப்பவர்களின் வழக்கில் காஸ்ஸல் நீதிமன்றம் போட்ட தடை. மறு ஆண்டு லைப்சிக் உச்ச நிர்வாக நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஊர்க்காரர்கள் தூங்க வேண்டும் என்பதற்காக இத்தனை பெரிய விமான நிலையம் வாயை மூடிக்கொள்கிறது. மீனம்பாக்கம் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம். நண்பருக்கு அன்று பெருமூச்சு வேறு காரணத்துக்காக வந்தது.

இடையிடையே மதுரையிலிருந்து வாட்ஸ்அப்.

“ஏறிட்டியாப்பா?”

“ஏறிட்டேன்மா.”

“கிளம்பிருச்சா?”

“இப்பக் கிளம்பிரும்மா.”

“சாப்டியா?”

மூன்றாவது கேள்விக்கு மட்டும் உண்மையான பதில் போனது: ஒரு பிரெட்சல், உப்புக் கல் ஒட்டியது. முதல் இரண்டும் பலமுறை மாறி மாறி வந்தன. ஏறிய விமானத்திலிருந்து இறங்கிவிட்டதாக அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

விமானம் ரத்தானதும் எல்லோரும் கவுன்டருக்கு ஓடினார்கள். குடும்பங்களின் போர்த்தந்திரத்தை அப்போது பார்க்க வேண்டும். அப்பா வரிசையில், அம்மா வாடிக்கையாளர் எண்ணில், பெரிய பையன் கைபேசிச் செயலியில், சின்னப்பெண் சார்ஜர் துளைக்குக் காவல். நான்கு முனைகளில் தாக்குதல். தனியாள் வரிசையிலும் நிற்க வேண்டும், போனிலும் காத்திருப்பு இசை கேட்க வேண்டும், பேட்டரியும் தீரக்கூடாது. தாகம் எடுத்தால் இடம் போய்விடும்.

உலகில் விமானம் தாமதமாக எத்தனையோ காரணங்கள் வந்து போயிருக்கின்றன. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலை ஒன்று சாம்பலைக் கக்கி ஐரோப்பிய வானத்தையே பல நாள் மூடியது. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகமெங்கும் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். 2025 மார்ச் 21 அன்று ஒரு துணைமின்நிலையம் எரிந்ததில் ஹீத்ரோ ஏறக்குறைய நாள் முழுதும் மூடிக் கிடந்தது. எதுவானாலும் அறிவிப்புப் பலகையில் வருவது ஒரே வார்த்தைதான்.

ஆனால் காரணத்தைப் பொறுத்துப் பணம் மாறும் என்பதை வரிசையில் முன்னால் நின்ற ஒரு ஜெர்மன் ஓய்வூதியர் சொல்லித்தான் நண்பர் தெரிந்துகொண்டார். 2005 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள ஐரோப்பிய விதி எண் 261 ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எல்லா விமானத்துக்கும் பொருந்தும், எந்த நாட்டுப் பயணியானாலும். நெடுந்தூரப் பயணம் ரத்தானாலோ வெகுநேரம் தாமதமானாலோ 600 யூரோ. நிறுவனத்தின் கையில் இல்லாத ‘அசாதாரணச் சூழல்’ என்றால் அந்தப் பணம் கிடையாது. எது அசாதாரணம் என்பதில்தான் வழக்கு மேல் வழக்கு. எந்திரக்கோளாறு பொதுவாக அசாதாரணம் ஆகாது என்று 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு துணை விமானி ஹோட்டல் அறையில் இறந்துகிடந்த வழக்கிலும்கூட, அது நிறுவனத்தின் அன்றாட வேலைக்கு உட்பட்டதே, நஷ்டஈடு கொடு என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. சாவே சாதாரணம் என்கிற நீதிமன்றத்திடம் கடும்பனி மட்டும் அசாதாரணமாக நிற்கிறது.

அதனால் 600 யூரோ கனவு போயிற்று. ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் எந்தக் காரணமானாலும் கொடுத்தாக வேண்டும். எரிமலைச் சாம்பலுக்கும் அதே கடமைதான் என்று 2013-இல் தீர்ப்பு இருக்கிறது. கவுன்டர் பெண்மணி ஹோட்டல் சீட்டை நீட்டினார். நண்பர் கைநீட்டும் முன் அந்தப் பெண்மணி பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்தார். நீலம். அசோகச் சின்னம்.

“ஷெங்கன் விசா இருக்கிறதா?”

இல்லை. அமெரிக்க வேலை விசா இருந்தால் பிராங்க்பர்ட்டில் விமானம் மாறலாம். வெளியே கால்வைக்க முடியாது. ஐரோப்பியச் சட்டம் அவருக்கு ஹோட்டல் அறை தந்தது, ஐரோப்பிய எல்லை அந்த அறைக்குப் போகும் வாசலை அடைத்தது. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஐம்பது அடி இடைவெளியில். டிரான்சிட் பகுதிக்கு உள்ளேயே சிறிய ஹோட்டல் ஒன்று உண்டு. பனிநாளில் அதில் அறை கேட்பது தைப்பூசத்தன்று பழநியில் அறை கேட்பதற்குச் சமம் என்பதால் அதுவும் நிறைந்திருந்தது.

கிடைத்தது மடக்குக் கட்டில், ஒரு போர்வை, தண்ணீர், காலைக்கு ஒரு பொட்டலம். கட்டில்கள் வரிசையாய்ப் போடப்பட்ட அந்தக் கூடத்தில் யார் யார் படுத்திருந்தார்கள் என்று பார்த்தால் ஒரு உண்மை துலங்கும். ஜெர்மன்காரரும் அமெரிக்கரும் ஜப்பானியரும் ஹோட்டல் பேருந்து ஏறிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் இந்தியர், வங்கதேசத்தவர், நைஜீரியர், பிலிப்பைன்ஸ்காரர். பனி எல்லோர் மேலும் ஒரே அளவில்தான் பெய்தது. பாரிஸின் சார்ல் து கோல் நிலையத்தில் மெஹ்ரான் கரிமி நாசேரி என்ற ஈரானியர் காகிதம் சரியில்லாமல் 1988 முதல் 2006 வரை குடியிருந்தார். 2022-இல் அதே விமான நிலையத்துக்குத் திரும்பி வந்து அங்கேயே இறந்தார். இந்தக் கதையை அன்றிரவு கைபேசியில் படித்தது நண்பரின் தூக்கத்துக்கு உதவவில்லை. கையோடு இருந்த உருட்டுப்பெட்டியின் கைப்பிடிக்குள் காலை நுழைத்துக்கொண்டு படுத்தார்.

தனியாளுக்கு நன்மையே இல்லையென்று சொல்வதும் நியாயமாகாது. காலையில் நால்வர் குடும்பத்துக்கு நான்கு இருக்கை சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு இல்லை. ஒற்றை இருக்கை எங்காவது ஒன்று கிடைத்துவிடும். முதலில் டொராண்டோ வழியாக ஒன்று தந்தார்கள். இந்தியக் குடிமகன் கனடாவில் விமானம் மாறவே விசா வேண்டும் என்பதால் அது போனது. அடுத்தது வாஷிங்டன் வழி. நடுவரிசை, நடு இருக்கை, கழிப்பறைக்கு அருகே. பெட்டியோடு அலைந்தவருக்கு அந்த அருகாமை சொர்க்கமாகத் தெரிந்தது.

வாஷிங்டனில் குடிநுழைவு முடிந்து வருகையில் சட்டை போட்ட பீகிள் நாய் ஒன்று வந்து அவர் கைப்பை அருகே பவ்யமாக உட்கார்ந்தது. அமெரிக்க விவசாயத் துறையின் மோப்பப்படை 1984-இல் தொடங்கியது. அந்த நாய் குரைக்காது, உட்காரும். கறிவேப்பிலையாக இருக்குமோ என்று நண்பருக்கு உடம்பு நடுங்கியது. எலுமிச்சை இனத்தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் ஒட்டிவரும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலைக்கு அங்கே தடை. அம்மா எங்காவது செருகியிருக்கக்கூடும். பையைக் கொட்டினார்கள். பிராங்க்பர்ட் காலைப் பொட்டலத்தில் இருந்த ஆப்பிள். 2018-இல் பாரிஸிலிருந்து டென்வர் வந்த ஒரு பெண்மணி விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் வைத்திருந்ததற்கு 500 டாலர் அபராதம் விதித்தார்கள். நண்பர் தப்பித்தார்: பயத்தில், கேட்பதற்கு முன்பே “உணவுப்பொருள் இருக்கிறது” என்று சொல்லிவைத்திருந்தார்.

சென்னையில் ஒப்படைத்த பெரிய பெட்டி மட்டும் வரவில்லை. அதை சிகாகோவில் புகார் செய்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி தொலைந்த சாமானுக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் கடைசியிலிருந்து அது 1,519 எஸ்.டி.ஆர்., சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு நாணயம். அதற்குள் பொருள்வாரியாக மதிப்பு எழுத வேண்டும். சட்டை, வேட்டி, புடவை எழுதியாயிற்று. கூழ்வத்தல், இரண்டு கிலோ, மதிப்பு? நண்பர் மதுரைக்குப் போன் போட்டார். அம்மா விலை சொல்லவில்லை. மொட்டைமாடியில் காக்கா விரட்டிய நாளெல்லாம் எந்த நாணயத்தில் எழுதுவாய் என்று மட்டும் கேட்டார்.

சில நாளில் பெட்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. முறுக்கு பொடியாகியிருந்தது, வத்தல் ஒன்றுகூட உடையவில்லை. ஊறுகாயைக் கைப்பையில் வைத்ததால்தான் பறிபோனது, அடுத்த தடவை எல்லாவற்றையும் பெட்டியிலேயே வைக்க வேண்டும் என்று நண்பர் விதி எண், மில்லிலிட்டர் எல்லாம் சேர்த்து விளக்கினார்.

“ஊறுகா சரி. வத்தல் என்ன தண்ணியா? அதக் கைப்பையில வச்சிருந்தா அந்தக் கட்டில்ல ஒக்காந்து கொறிச்சிருக்கலாம்ல?” என்றார் அம்மா.

“பச்சையாவாம்மா?”

“பசிச்சா பச்சையாத்தான்.”